முதல் பதினைந்து நாள்



போன மாதப் பாடத்தில் ரத்தசோகையைப் பற்றியும் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றியும் படித்தோம். அந்த மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தோம். "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டேனே" என்று பல குழுக்களில் சொன்னார்கள். இந்த மாதமும் ஒரு மாத்திரையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால் இது நாம் வெளியில் சொல்லத் தயங்குகிற மாத்திரை. மனச்சோர்வு நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை.

எங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் நடந்ததை, அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு எழுதுகிறோம். "நடந்ததை எழுதுங்க, பேரும் ஊரும் மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்.

குழுவில் நடந்தது

அவருக்கு வயது 42. இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். பத்து வருடமாகக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர், மூன்று மாதமாக வரவில்லை. முதலில் சேமிப்பையும் தவணையையும் மகளிடம் கொடுத்தனுப்பினார். பிறகு அதுவும் நின்றது. குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. "கடன் வாங்குறப்ப மட்டும் முதல் ஆளா வந்தாக" என்று ஒருவர் சொன்னார். தீர்மான நோட்டில் பெயர் எழுதி அபராதமும் போட்டாயிற்று.

பிரதிநிதிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். விளக்குப் போடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அந்தச் சகோதரி. "எந்திரிக்க முடியல மதினி. அரிசியைக் களைஞ்சு வச்சிட்டு அப்படியே உக்காந்துர்றேன். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு தெரியுது, கை கால் நகர மாட்டேங்குது. எதுக்கு இருக்கோம்னு தோணுது" என்றார்.

இது சோம்பேறித்தனம் இல்லை, கடனுக்குப் பயந்து ஒளிவதும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாளும் மனசு சோர்ந்தே இருப்பது, எதிலும் ஆசை இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, உடம்பு அசதி, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு, சாகலாம் என்ற எண்ணம். இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வு நோய். இதற்கு வைத்தியம் உண்டு. லேசாக இருந்தால் மனநல ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம். கூடுதலாக இருந்தால் மாத்திரையும் தேவைப்படும்.

பிரதிநிதி அவரை மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். மருத்துவர் விசாரித்து, எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரையை முதல் வாரம் பாதியாகவும், அடுத்த வாரத்திலிருந்து முழுசாகவும் போடச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். கூட்டம் அதிகமாக இருந்ததால் வேறு எதையும் கேட்க நேரமில்லை.

ஐந்தாம் நாள்

மூன்றாம் நாளிலிருந்து குமட்டல். காப்பி வாசனையே பிடிக்கவில்லை. தலைவலி வேறு. ஐந்தாம் நாள் ராத்திரி வந்துகொண்டிருந்த கொஞ்சத் தூக்கமும் போனது. மகள் செல்போனில் தேடி, அந்த மாத்திரைக்கு என்னென்ன பக்கவிளைவு வரும் என்று வரிசையாகப் படித்துக் காட்டினாள். வலிப்பு, ரத்தக்கசிவு என்றெல்லாம் இருந்தது. மாமியார், "பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரை அது. ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் விட முடியாது" என்றார். ஆறாம் நாள் மாத்திரை அட்டை அடுக்குப் பானைக்குள் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் பலரும் வைத்தியத்தை விடுகிறார்கள். காரணம் மிகவும் எளிது. இந்த மாத்திரையில் தொந்தரவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். ஆக, முதல் பதினைந்து நாள் கஷ்டம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

நடவு நட்டவர்களுக்கு இது புரியும். நாற்றைப் பறித்து நட்டால் மறுநாளே பச்சை கட்டுமா? தலை சாய்ந்து, மஞ்சள் ஓடித்தான் நிற்கும். வேர் பிடிக்கச் சில நாள் வேண்டும். வாடி நிற்கிறதே என்று மூன்றாம் நாள் யாரும் பிடுங்கிப் போடுவதில்லை.

ஏன் இப்படி?

இன்று அதிகமாகத் தரப்படும் மனச்சோர்வு மாத்திரைகளான ஃபுளுவாக்ஸடின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் மூன்றும் செரோட்டோனின் என்ற பொருளின் மேல் வேலை செய்பவை. இந்தப் பொருள் மூளையில் இருக்கிறது. ஆனால் உடம்பிலுள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி இருப்பது குடலில். அதனால்தான் மனசுக்குப் போட்ட மாத்திரை முதலில் வயிற்றைப் புரட்டுகிறது. குடல் சில நாளில் பழகிக்கொள்ளும். மூளை தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள வாரக்கணக்கு ஆகும்.

மகள் படித்துக் காட்டிய பட்டியலையும் புரிந்துகொள்வோம். அதில் எழுதியிருப்பது எல்லாம் ஒரே ஆளுக்கு வரும் என்று அர்த்தமில்லை. மருந்துப் பட்டியலில் 'மிகச் சாதாரணம்' என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வருவது. 'அரிது' என்றால் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவது. இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருப்பதால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. குமட்டல் முதல் வகை. வலிப்பு அரிதான வகை.

சாதாரணமாக வருபவையும் நாம் செய்யக்கூடியதும்

குமட்டல், வயிற்றுப்போக்கு: சாப்பிட்ட பிறகு மாத்திரை போடலாம். ஒரேயடியாக வயிறு நிறையச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். கஞ்சி, மோர், இட்லி நல்லது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும்.

தூக்கம் கெடுவது: காலையில் மாத்திரை போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கவும். சாயங்காலத்துக்கு மேல் காப்பி, டீ வேண்டாம்.

தூக்கக் கலக்கம்: சிலருக்கு நேர்மாறாக அசத்தும். இரவில் போடலாமா என்று கேட்கவும். கலக்கம் தீரும்வரை வண்டி ஓட்டுவது, கிணற்றடி வேலை, அறுவை இயந்திர வேலை வேண்டாம்.

தலைவலி, வாய் உலர்வது, வியர்வை, கை நடுக்கம், படபடப்பு: தண்ணீர் அடிக்கடி குடிக்கவும். தலைவலிக்குக் கடையில் எதையாவது வாங்கிப் போடக் கூடாது. புரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடுகிறது. எந்த வலி மாத்திரை போடலாம் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளவும்.

கணவன் மனைவி உறவில் நாட்டம் குறைவது: இது பலருக்கும் வருகிறது. நாம்தான் வாய் திறப்பதில்லை. சொன்னால் மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றித் தர முடியும். ஆண் மருத்துவரிடம் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் சொல்லலாம்.

அமிட்ரிப்டிலின் என்ற பழைய வகை மாத்திரையும் சிலருக்குத் தருகிறார்கள். அதில் வாய் உலர்வது, மலச்சிக்கல், பார்வை மங்கல், தூக்கக் கலக்கம் கூடுதலாக இருக்கும். எழுந்திருக்கும்போது கிறுகிறுப்பு வரலாம். மெதுவாக எழுந்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை நமக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எல்லாருக்கும் முதல் மருந்திலேயே குணம் தெரிந்துவிடும் என்றும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அளவைக் கூட்டவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருக்கிறது. அதை மருத்துவர் செய்ய வேண்டும். நாமாக நிறுத்திவிட்டால் அவருக்கும் எதுவும் தெரியாது.

"அடிமையாயிருவோமா?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. மனச்சோர்வு மாத்திரை சாராயம், புகையிலை போல இன்னும் இன்னும் வேண்டும் என்று கேட்க வைப்பதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, கரண்ட் அடித்தது போன்ற சுரீர் உணர்வு வரலாம். அதனால் நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒன்றைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில நாளுக்குப் படபடப்புக்கும் தூக்கத்துக்கும் என்று இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தருவது உண்டு. குளோனசிபாம், அல்பிரசோலம் போன்றவை அந்த வகை. அவைதான் தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடக் கூடியவை. "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவும். அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மறுபடி மறுபடி வாங்க வேண்டாம். ஏற்கெனவே பல வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டே குறைக்கவும்.

ஆயுசுக்கும் போட வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் மனசு நேரானதும் நிறுத்திவிடக் கூடாது. நன்றாகிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்தால்தான் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும். முன்பே இரண்டு மூன்று தடவை வந்தவர்களுக்குக் கூடுதல் காலம் தேவைப்படலாம்.

ஒரு நாள் மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடவும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

முதல் நாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கர்ப்பமாக இருக்கிறோமா, பால் கொடுக்கிறோமா? கர்ப்பம் தெரிந்ததும் பயந்து தானாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான். தாய்க்கும் பிள்ளைக்கும் பொருத்தமான மருந்தை மருத்துவர் பார்த்துத் தருவார். வலிப்பு, இதயக்கோளாறு, கண்ணில் நீர் அழுத்தம், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா? வேறு என்ன மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் சாப்பிடுகிறோம்? முன்பு எப்போதாவது தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகமாக, நிறுத்தாமல் பேசிக்கொண்டு இருந்தது உண்டா? இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வகை நோய்க்கு மருந்தே வேறு.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

உடம்பெல்லாம் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சுத்திணறல்.

கடுமையான காய்ச்சலோடு நடுக்கம், உடம்பு விறைப்பு, புத்தித் தடுமாற்றம்.

வலிப்பு. ரத்த வாந்தி. இரும்புச்சத்து மாத்திரை போடாமலே மலம் தார் போலக் கறுப்பாகப் போவது.

தூக்கமே இல்லாமல் மிதமிஞ்சிய வேகம், பேச்சு, செலவு.

வயதானவர்களுக்குத் தடுமாற்றம், குழப்பம், அதிக மயக்கம். ரத்தத்தில் உப்பு குறைந்தால் இப்படி வரும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் கூடுவது, இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் சில வாரங்களில் இதற்காகவே கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் நேரடியாகக் கேட்டுவிடுவதே நல்லது. "சாகணும்னு தோணுதா தாயி?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பாரம் குறையத்தான் செய்யும். அப்படி எண்ணம் இருந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே வெளியேற்ற வேண்டும். மாத்திரைகளை இன்னொருவர் வைத்திருந்து வேளைக்கு எடுத்துத் தர வேண்டும். அவசரத்துக்கு 108. மனசு விட்டுப் பேச 14416. இது டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பக்கவிளைவு பற்றிய சந்தேகத்தையும் இதில் கேட்கலாம்.

நமக்குத் தெரிந்த கணக்கு நோட்டு

மீண்டும் அந்தச் சகோதரிக்கு வருவோம். ஏழாம் நாள் பிரதிநிதி போனபோது அடுக்குப் பானையில் இருந்த அட்டை வெளியே வந்தது. திட்டவில்லை. "அஞ்சு நாள் என்னென்ன செஞ்சுச்சு, சொல்லு" என்று கேட்டு ஒரு பழைய நோட்டில் எழுதினார். மறுநாள் இருவரும் அந்த நோட்டோடு மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் நோட்டைப் பார்த்துவிட்டு, இரவில் வெறும் வயிற்றில் போட்டதைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினார். பாதி மாத்திரையை இன்னும் ஒரு வாரம் நீட்டினார். வேறு எதுவும் மாற்றவில்லை. மகளையும் உட்கார வைத்து ஐந்து நிமிடம் விளக்கினார்.

சேமிப்பு, கடன், வட்டி என்று இத்தனை வருடம் கணக்கு எழுதியவர்கள் நாம். மாத்திரைக்கும் ஒரு நோட்டுப் போடுவோம். நான்கு கட்டம் போதும்: தேதி, மாத்திரை போட்ட நேரம், தொந்தரவு, தூக்கமும் மனசும். எழுதத் தெரியாதவர் மகளைவிட்டு எழுதச் சொல்லலாம். அவருடைய நோட்டில் இப்படி இருந்தது:

3ஆம் நாள்: குமட்டல், இரண்டு தடவை. தூக்கம் மூணு மணி நேரம். மனசு அப்படியே.

10ஆம் நாள்: குமட்டல் லேசா. தலைவலி இல்லை. மாட்டுக்கு நானே தண்ணி காட்டினேன்.

16ஆம் நாள்: குமட்டல் இல்லை. வாய் காயுது. நாலரை வரை தூங்கினேன்.

24ஆம் நாள்: மீன் குழம்பு வைத்தேன். ருசி தெரிந்தது.

"நல்லாகுறது எனக்கே தெரியல. நோட்டைத் திருப்பிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சது" என்றார் அவர். ஏழாவது வாரம் கூட்டத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். வாய் காய்வது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தண்ணீர்ப் பாட்டில் கையோடு வைத்திருக்கிறார்.

குழு செய்ய வேண்டியது

முதலில் நம் தவறை ஒத்துக்கொள்வோம். மூன்று மாதம் வராத ஒருவருக்கு அபராதம் போட்டோமே தவிர, ஏன் வரவில்லை என்று போய்க் கேட்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்தக் குழு பிறகு அபராதத்தை ரத்து செய்து தீர்மானம் போட்டது. தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவரை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்றும் தீர்மானித்தது. மற்ற குழுக்களும் இதைச் செய்யலாம்.

உறுப்பினர் ஒருவர் இந்த மாத்திரை ஆரம்பித்தால், அவருக்குப் பிடித்த ஒருவர் முதல் பதினைந்து நாளும் தினம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரை போட்டாயா என்று அதட்ட வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, என்ன தொந்தரவு என்று கேட்டால் போதும். மறு தேதிக்கு மருத்துவமனைக்குத் துணைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது. அதற்காக வராமல் நிற்கிறாரா என்று கேட்டு, குழுவின் பொது நிதியிலிருந்து உதவலாம்.

விஷயத்தை வெளியே பேசக் கூடாது. தீர்மான நோட்டில் நோயின் பெயரை எழுதக் கூடாது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசுகிறவரை அங்கேயே நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனையும், கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று பேசும் பேச்சையும் மாத்திரை மாற்றாது. நோயைக் குணமாக்கும், எழுந்து நிற்கத் தெம்பு தரும். வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. கடன் என்றால் குழு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்

1. நம் குழுவில் தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவர் யார்? யார் போய்ப் பார்ப்பது?

2. மாத்திரை ஆரம்பித்து ஐந்தாம் நாள் குமட்டுகிறது என்கிறார் ஒரு சகோதரி. நிறுத்தச் சொல்வோமா? முதலில் என்ன கேட்போம்?

3. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளில் மூன்றைச் சொல்லவும்.

4. 14416 என்ற எண்ணை எல்லாரும் பாஸ்புக்கின் பின் அட்டையில் எழுதிவிட்டோமா?